கீழே சோலார், மேலே பேனல் வீடு: சேலத்தில் வீடு வாங்குவோருக்கு இரண்டு தனித்தனிக் கணக்குகள்

சேலத்தைச் சுற்றியுள்ள மனைப்பிரிவு விளம்பரங்களில் 'சோலார் வீடு', 'மாடுலர் வீடு' என்ற இரண்டும் இப்போது ஜோடியாகவே வருகின்றன. கரண்ட் பில் பூஜ்யம், மூன்றே மாதத்தில் சாவி என்று ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள். வாங்குபவருக்குக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சோலார் என்பது மின்கட்டணத்தைப் பற்றிய முடிவு. மாடுலர் என்பது வீட்டின் பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து மனையில் கோர்ப்பது; அது கட்டும் முறையைப் பற்றிய முடிவு. முன்னதற்கு வெயிலும் ஈ.பி. அட்டையும் பதில் சொல்லும். பின்னதற்கு லாரி வரும் பாதையும் மண்ணும்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டையும் பிரித்துக் கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். சேலம் ஊருக்குள் சோலாருக்கு நியாயம் அதிகம், மாடுலருக்குக் குறைவு. 30 கிலோமீட்டர் தள்ளி சேர்வராயன் மலைமேல் போனால் கணக்கு தலைகீழாகிறது.

கிலோவாட் வேறு, யூனிட் வேறு

சோலார் தகட்டின் அளவைச் சொல்வது கிலோவாட். அது உற்பத்தித் திறன். பில்லில் வருவது யூனிட். அது உண்மையில் கிடைத்த அல்லது செலவான மின்சாரம். 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அது 240 யூனிட். நிழல் படாத மொட்டைமாடி இடம் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்கின் நிழல் மாலை நாலு மணிக்கு எங்கே விழுகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். தகடுகள் வரிசையாக இணைக்கப்படுவதால், ஒன்றில் விழும் நிழல் மொத்த வரிசையின் உற்பத்தியையும் இழுத்துவிடும்.

'சேலத்து வெயிலுக்குச் சோலார் பிய்த்துக்கொண்டு ஓடும்' என்பது பாதிதான் சரி. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்; சூடு அதற்குப் பகை. தகட்டின் திறனைத் தொழிற்சாலையில் 25 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். சித்திரை மத்தியானத்தில் தகடு 60 டிகிரியைத் தொட்டால் எட்டில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. தகட்டுக்கும் தரைக்கும் நடுவே காற்றோட்டம் விடச் சொல்வது இதனால்தான். போர்த் தண்ணீரில் கழுவினால் உப்புக்கறை கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துகொள்ளும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் அதிகாலையில் கழுவுவது உத்தமம்.

500 யூனிட் என்னும் கோடு

சோலார் உங்களுக்கு லாபமா என்பதைத் தீர்மானிப்பது வெயிலை விட மின்கட்டண அடுக்குகள்தான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் அமலான கட்டணத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பிறகு விகிதம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அடுக்கின் வடிவம் அதேதான்.

1. மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6.

2. 500-ஐத் தாண்டினால்: 2.25 என்ற சலுகை அடுக்கே காணாமல் போகும். 101 முதல் 400 வரை முழுக்க 4.50, 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கு மேல் 11.

500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 510 ஓடியிருந்தால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! கணக்கெடுப்பவர் இரண்டு நாள் தள்ளி வந்தாலே இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிற வீடுகள் உண்டு என்பது ஏ.சி. போட்ட எல்லாருக்கும் தெரிந்த வயிற்றெரிச்சல்.

இப்போது ஒரே தெருவில் இரண்டு வீடு. ஒன்றில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட், இன்னொன்றில் 300 யூனிட். இருவரும் 1 கிலோவாட் வைத்து 240 யூனிட் எடுக்கிறார்கள். முதல் வீட்டின் பில் 2,930-லிருந்து 1,035-க்கு இறங்குகிறது, மிச்சம் 1,895. இரண்டாவது வீட்டின் பில் 675-லிருந்து பூஜ்யமாகிறது. மிச்சம் 675 மட்டும். தகடு ஒன்றுதான், வெயில் ஒன்றுதான். பலன் ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். காரணம், சோலார் முதலில் வெட்டுவது பில்லின் உச்சியில் இருக்கும் விலை கூடின யூனிட்களை.

அதே முதல் வீட்டுக்காரர் இன்னொரு கிலோவாட் சேர்த்தால் பில் 90 ரூபாய்க்கு வரும். இரண்டாவது கிலோவாட்டின் சம்பாத்தியம் 945, முதலாவதில் பாதி. மூன்றாவதற்கு ஏறக்குறைய வேலையே இல்லை. 'எல்லாருக்கும் 3 கிலோவாட்' என்று ஒரே அளவை எல்லார் தலையிலும் கட்டுகிறவரிடம் கடைசி ஆறு பில்லையும் நீட்டிவிட்டு, எந்த யூனிட்டை வெட்டப் போகிறது என்று கேட்கலாம். (சோலார் இணைப்பு மின்வாரியக் கம்பியைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் எதையும் மேலே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை, உங்கள் இணைப்புக்கு அது உண்டா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

அம்மாபேட்டை, குகை பக்கம் தறி வீடு வாங்குபவருக்கு இன்னொரு செய்தி. விசைத்தறி இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்டும், கைத்தறிக்கு 300 யூனிட்டும் இலவசம் என்று 2023-ல் உயர்த்தப்பட்டது. இலவச யூனிட்டை வெட்டுவதற்காக மொட்டைமாடியில் முதல் போட வேண்டியதில்லை. தறி இணைப்பையும் வீட்டு இணைப்பையும் பிரித்துப் பார்த்து, வீட்டு மீட்டரை மட்டும் கணக்கில் எடுங்கள்.

மானியம் யார் கணக்கில் விழும்?

வீட்டுக் கூரைச் சோலாருக்காக மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில் மானியம் இப்படி: முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000-தான் உச்சவரம்பு. மானியத்துக்காக மத்திய அரசு வைத்த அடிப்படை விலை முதல் 2 கிலோவாட்டுக்கு 50,000 வீதம். சந்தையில் கேட்கும் விலை அதைவிடக் கூடும். தகடுக்குக் கீழே ஆள் நடமாடும் உயரத்துக்கு இரும்புச் சட்டம் வேண்டுமென்றால் இன்னும் கூடும். வடகம் காயவைக்கவும் துணி உலர்த்தவும் மாடி வேண்டும் என்பதால் நம் வீடுகளில் பெரும்பாலும் அந்த உயரச் சட்டம்தான் கேட்கிறார்கள்.

620 யூனிட் வீட்டுக்காரர் 2 கிலோவாட்டுக்கு மானியம் போகக் கையிலிருந்து 75,000 போட்டதாக வைத்தாலும், ஆண்டுக்கு 17,000 மிச்சத்தில் நாலரை வருடத்துக்குள் முதல் திரும்பும். 300 யூனிட் வீட்டுக்காரர் 1 கிலோவாட்டுக்கு 40,000 போட்டால் பத்து வருடம் ஆகும். அவர் அந்தப் பணத்தில் பழைய ஃபேன்களையும் ஃப்ரிட்ஜையும் மாற்றுவது மேல்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை:

1. மானியம் மின் இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கட்டித் தருபவர் 'மானியம் போக விலை' என்று சொன்னால், அந்தப் பணம் எப்போது, யார் கைக்கு வரும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

2. உள்நாட்டில் செய்த செல் கொண்ட தகடுக்குத்தான் மானியம். கடைக்காரர்கள் 'டி.சி.ஆர்.' என்று சொல்வது இதைத்தான். விலை குறைவாகச் சொல்லும் தகடு பெரும்பாலும் அந்த வகையில் வராது.

3. பழைய வீட்டைச் சோலாரோடு வாங்கினால், பத்திரம் முடிந்த கையோடு மின் இணைப்பையும் இருவழி மீட்டரையும் (வெளியே போகும், உள்ளே வரும் மின்சாரம் இரண்டையும் அளப்பது) உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தகடு, இன்வெர்ட்டர் வாரண்டி அட்டைகளையும் வாங்கி வையுங்கள்; தகட்டின் உற்பத்தி உத்தரவாதம் வழக்கமாக 25 வருடம், இன்வெர்ட்டருக்கு அவ்வளவு நீண்ட காலம் கிடையாது.

4. அடுக்குமாடியில் மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு இணைப்புக்குக் குடியிருப்போர் சங்கம் வைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. தனி ஒருவர் தன் ஃபிளாட்டுக்கென்று பொது மாடியில் வைக்க மற்றவர்கள் சம்மதம் இல்லாமல் முடியாது.

2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேசுகிறார்களா என்று பாருங்கள்.

கரண்ட் போனால் சோலாரும் போகும்

புதிதாக வைத்தவர்கள் ஏமாந்து நிற்பது இங்கேதான். மானியத்தில் வரும் சாதாரண 'ஆன்கிரிட்' அமைப்பில் பேட்டரி கிடையாது. பகலில் மிஞ்சுவதைக் கம்பிக்கு அனுப்பி, ராத்திரி கம்பியிலிருந்து எடுத்து, இருவழி மீட்டரில் கழித்துக்கொள்வதுதான் அதன் வேலை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு லைனை நிறுத்தினால், உச்சி வெயிலிலும் உங்கள் சோலார் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஊழியர் மேல் உங்கள் மாடி மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்கிறது. பழுது இல்லை, பாதுகாப்பு. மின்தடையிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய 'ஹைபிரிட்' வேண்டும், செலவு தாவும். ஏற்கெனவே வீட்டில் யு.பி.எஸ். இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவதே சிக்கனம்.

'மாடுலர்' ஒரே பொருள் இல்லை

தொழிற்சாலையில் செய்து, மனையில் கோர்ப்பது எல்லாவற்றையும் மாடுலர் என்கிறார்கள். உள்ளே நாலு தினுசு இருக்கிறது.

1. ப்ரீகாஸ்ட்: கான்கிரீட் சுவர், தளம், தூண்களை அச்சில் வார்த்துக் கிரேன் வைத்து நிறுத்துவது.

2. மெல்லிய இரும்புச் சட்டம்: துத்தநாகப் பூச்சுள்ள தகட்டை வளைத்துச் சட்டமாக்கி, இருபுறமும் சிமென்ட் போர்டு அடிப்பது. 'எல்.ஜி.எஸ்.எஃப்.' என்று பட்டியலில் இருக்கும்.

3. சாண்ட்விச் பேனல்: இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை. 'பஃப் பேனல்' என்றால் பாலியூரித்தேன் நுரை. சில இடங்களில் தெர்மாகோல்.

4. முழு அறைப்பெட்டி: ஒயரிங், டைல்ஸ் எல்லாம் முடித்து, அறையையே லாரியில் கொண்டுவந்து இறக்குவது. கன்டெய்னர் வீடு இந்தக் குடும்பம்.

இவை பரிசோதனை நிலையில் இருப்பவை என்று ஒதுக்க முடியாது. மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் ஆறு ஊர்களில் ஆறு முறைகளில் வீடு கட்டினார்கள். சென்னை பெரும்பாக்கத்தில் ப்ரீகாஸ்ட் முறையில் 1,152 வீடுகள். 2021 ஜனவரி 1-ல் அடிக்கல், 2022 மே 26-ல் திறப்பு. இந்தூரில் சாண்ட்விச் பேனல், அகர்தலாவில் இரும்புச் சட்டம், ராஞ்சியில் அறைப்பெட்டி.

ஆனால் அந்த எண்ணைக் கவனியுங்கள்: 1,152. ஒரு அச்சில் நூறு முறை வார்த்தால்தான் ப்ரீகாஸ்டுக்கு விலை படியும். கன்னங்குறிச்சியில் 1,200 சதுர அடி மனையில் ஒற்றை வீட்டுக்கு அச்சு செய்தால் அச்சுக்கூலிக்கே கட்டாது. செவ்வாய்ப்பேட்டை, குகைச் சந்துகளுக்குள் கிரேன் திரும்பவும் வழியில்லை. ஊருக்குள் செங்கலும் மணலும் கொத்தனாரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வேகம் ஒன்றைத் தவிர மாடுலருக்குச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

பில்லர் கம்பியும் ஊஞ்சல் கொக்கியும்

சேலத்தில் எந்தத் தெருவிலும் மாடியைப் பாருங்கள். தளத்துக்கு மேல் பில்லர் கம்பிகள் இரண்டு அடி நீட்டிக்கொண்டு, துரு ஏறாமலிருக்க சிமென்ட் பால் தடவியோ பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்தோ நிற்கும். 'பையன் கல்யாணத்துக்குள் மேலே ஒரு மாடி எடுத்துடலாம்' என்பதன் அடையாளம் அது. சோலார், மாடுலர் இரண்டையும் உரசிப் பார்க்க இந்தக் கம்பியே போதும்.

சோலாருக்கு: ஐந்து வருடத்தில் மேல்மாடி எழும்பும் என்றால், இன்று வைக்கும் தகட்டைக் கழற்றி மாட்டும் கூலி கணக்கில் வரவேண்டும். கழற்றும்போது தளத்தில் போட்ட போல்ட் ஓட்டைகள் மழைக்கு ஒழுகும். துளை போடாமல் கான்கிரீட் கட்டைகளின் எடையில் சட்டத்தை நிறுத்தும் முறை இந்த வீடுகளுக்குப் பொருந்தும். ஆனால் ஆடிக் காற்றுக்குத் தாங்க எத்தனை கிலோ கட்டை என்பதைப் பொறியாளர் எழுதித் தரவேண்டும்.

மாடுலருக்கு: இரும்புச் சட்ட வீட்டின் அஸ்திவாரமும் சட்டமும் முதலில் வரைந்த மாடிகளுக்கு மட்டுமே. பின்னால் மனம் மாறி ஆர்.சி.சி. மாடி ஏற்ற முடியாது. சுவரே பாரம் தாங்கும் ப்ரீகாஸ்ட் வீட்டில், ஹாலையும் ரூமையும் ஒன்றாக்க ஒரு சுவரை இடிக்கலாம் என்ற எண்ணமே கூடாது.

நம் ஊரில் வீடு பார்க்க வருபவர் சுவரை விரல் முட்டியால் தட்டுவார். போர்டு சுவர் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கொடுக்கும்; முகம் சுருங்கிவிடும். அந்தச் சத்தத்தை வைத்துப் பலவீனம் என்று முடிவுகட்டுவது தவறு, பாரம் சட்டத்தில்தான் இறங்குகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஊஞ்சல் கொக்கி எங்கே, குழந்தைக்குத் தூளி கட்ட எந்த இடம், கிரைண்டர் வைக்கும் மேடை, சுவரில் ஹீட்டர், ஏ.சி. எங்கே? தொழிற்சாலையில் சட்டம் வெட்டும்முன் இவற்றைக் குறித்துவிட்டால் அந்தந்த இடத்தில் கூடுதல் இரும்பு வரும். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு கேட்டால் வராது.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்.சி.சி. தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்து ராத்திரி பத்து மணிக்கு நம் தலையில் கொட்டும். பஃப் பேனல் கூரை அப்படிச் செய்யாது. ஆனால் நுரை இல்லாத வெறும் போர்டு வீடு சேலத்து மே மாதத்தில் அடுப்புதான். தெர்மாகோல் பேனல் என்றால் தீத்தடுப்பு ரகமா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே

சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே மின்விசிறியே பல மாதம் சுற்றாது; ஏ.சி. இல்லை. பில்லை ஏற்றுவது வெந்நீர் கெய்சர் ஒன்றுதான். 500 யூனிட் கோட்டுக்குக் கீழே இருக்கும் வீட்டில் சோலார் மின்சாரம் வெட்டுவதற்கு விலை கூடின யூனிட்டே கிடையாது. போதாக்குறைக்கு மூடுபனி, ஐப்பசி கார்த்திகை மேகம், காப்பிக்கு நிழல் தர வளர்த்த சில்வர் ஓக் மரங்கள். குளிர்ச்சியால் தகடு கொஞ்சம் நன்றாக வேலை செய்யும் என்பது உண்மை. வெளிச்ச இழப்பை அது ஈடுகட்டாது. அந்தக் காசில் சூரிய வெந்நீர்க் கருவி வைத்தால் கெய்சர் செலவின் பெரும்பகுதி குறையும். வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்த எண்ணினால் அது வணிக இணைப்பு. வீட்டுச் சோலார் மானியம் அதற்குக் கிடையாது.

கட்டும் முறையில் கதை மாறுகிறது. செங்கல், மணல், ஜல்லி, சிமென்ட் எல்லாம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும். கொத்தனாரும் பெரும்பாலும் கீழிருந்துதான். மழை பிடித்தால் வேலை நிற்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது நினைவிருக்கும். எடை குறைவாக, சில நடைகளில் ஏற்றி, சில வாரத்தில் கோர்க்கும் வீட்டுக்கு இங்கே அர்த்தம் உண்டு. சரிவை வெட்டிச் சமதளமாக்காமல், தூண்கள்மேல் லேசான வீட்டை நிறுத்தலாம் என்பது இன்னும் பெரிய லாபம். மலையில் வீட்டுக்கு வரும் ஆபத்துகளில் முக்கியமானது, மண்ணை வெட்டியதால் வருவது.

ஆனால் எந்த மாடுலர் என்பதை வளைவு தீர்மானிக்கும். 40 அடி கன்டெய்னர் என்றால் 12 மீட்டருக்கு மேல் நீளம். அதைச் சுமக்கும் டிரெய்லர் கொண்டை ஊசியில் திரும்பாது. 'அறைப்பெட்டியை அப்படியே இறக்குகிறோம்' என்பவரிடம், எந்த வண்டியில், எந்தப் பாதையில் என்று கேட்டாலே பாதிப் பேச்சு குறையும். மலைக்கு ஏற்றது பிரித்து அடுக்கிச் சாதாரண லாரியில் வரும் சட்டமும் பேனலும்தான். பனி ஈரம் ஓயாத இடம் என்பதால் இரும்பின் துத்தநாகப் பூச்சு எவ்வளவு, வெட்டிய முனைகளில் மறுபூச்சு அடித்தார்களா என்று பார்க்க வேண்டும். துரு தொடங்குவது அந்த முனைகளில்.

காகிதத்தில் இருப்பதுதான் வீடு

'கழற்றி மாட்டும் வீடு, அனுமதியே தேவையில்லை' என்று சொல்பவரை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். மனிதர் குடியிருக்கும் கட்டடம் என்றால் செங்கலோ இரும்போ, திட்ட அனுமதி வேண்டும். ஏற்காடு தாலுகா கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பில் வருவதால், அங்கே கூடுதல் ஒப்புதலும் தேவைப்படும். மலையில் நிபந்தனைப் பட்டா (அரசு கட்டுப்பாடுகளோடு கொடுத்த பட்டா) நிலங்களும் உண்டு. வில்லங்கச் சான்றோடு பட்டாவின் நிபந்தனையையும் வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

பொறுப்பு விஷயத்தில் ஒரு நுணுக்கம். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு பெற்ற திட்டத்தில் வீடு வாங்கினால், கட்டமைப்புக் குறைக்கு ஐந்து ஆண்டு வரை கட்டுநர் பொறுப்பு. உங்கள் சொந்த மனைக்குத் தொழிற்சாலையிலிருந்து வீட்டை வரவழைத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் முக்கியப் பிடி. பேனல் செய்தவர், கோர்த்தவர், அஸ்திவாரம் போட்டவர் என மூன்று பேர் இருந்தால், கூரை இணைப்பில் தண்ணீர் கசியும்போது மூவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். ஒரே கையெழுத்து கேளுங்கள். வங்கிக் கடன் வேண்டுமென்றால், முன்பணத்துக்கு முன்பே அந்தக் கட்டுமான முறைக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் ஒப்புக்கொள்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். கட்டுமானப் பொருள், தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு அமைப்பான பி.எம்.டி.பி.சி. புதிய கட்டுமான முறைகளுக்குச் செயல்திறன் சான்று தருகிறது. அந்தச் சான்று இருந்தால் பேச்சு சுலபம்.

இரண்டையும் சேர்த்தே செய்வதென்று முடிவானால், வரிசை முக்கியம். சோலார் தகடும் சட்டமும் சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ வரை எடை வைக்கும், ஆர்.சி.சி. தளத்துக்கு அது ஒன்றுமில்லை. பேனல் கூரைக்குப் பாரத்தை விடப் பெரிய பிரச்சினை, காற்று தகட்டைத் தூக்க முயலும்போது கூரைத் தகடும் கூடவே எழுவது. போல்ட் வெறும் தகட்டில் பிடித்திருந்தால் நுரையோடு பிய்த்துக்கொண்டு வரும். கீழேயுள்ள இரும்புக் குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் எந்த இடைவெளியில் ஓடுகிறது என்பது தொழிற்சாலை வரைபடத்தில்தான் இருக்கும். ஆகவே சோலார்காரர் அளவெடுக்க வருவது கூரை மூடிய பிறகு அல்ல, வரைபடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்.